எந்தப் புத்தகத்தை வாசித்துக் காட்டுவது? தருமபுரி வகுப்பறைகளின் கதை

வீட்டில் ஒரு புத்தகம்கூட இல்லாத குழந்தைக்குப் புத்தகம் முதலில் காது வழியாகத்தான் வந்து சேர்கிறது. ஆசிரியர் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்து, பக்கத்தைத் திருப்பி, சத்தமாக வாசிக்கிறார். குழந்தைக்குப் பிடித்திருந்தால் "அப்புறம்?" என்று கேட்கிறது. பிடிக்கவில்லை என்றால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறது.

அப்படியானால், அந்தப் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தது யார்? எதை வைத்துத் தேர்ந்தெடுத்தார்? கேட்பதற்குச் சின்னக் கேள்வி போலத்தான் இருக்கும். ஆனால் இதற்கு இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றைத் தருமபுரி மாவட்டத்தில் நின்று பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். ஏனென்றால், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் தருமபுரிதான். மாநில அளவு 80 சதவீதத்தைத் தொட்டபோது இங்கே 68.5 சதவீதம். அதாவது, வீட்டில் பெரியவர்கள் புத்தகம் வாசிப்பதைப் பார்க்காமலேயே பள்ளிக்கு வரும் பிள்ளைகள் இங்கே அதிகம். அவர்களுக்கு வகுப்பறையை விட்டால் வேறு வாசல் இல்லை.

காதால் படித்த ஊர்

தருமபுரியின் பழைய பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். அவன் ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்த கதை எல்லோருக்கும் தெரிந்ததே. தகடூர்ப் போரைப் பாடிய 'தகடூர் யாத்திரை' என்ற நூல் முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. 'புறத்திரட்டு' போன்ற தொகுப்புகளில் சில பாடல்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. ஊரின் பெயரைத் தாங்கிய புத்தகத்தை அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு முழுதாக வாசித்துக் காட்ட வழியில்லாமல் போய்விட்டது.

ஆனால் வாசித்துக் காட்டும் பழக்கம் மட்டும் போகவில்லை. தருமபுரி வட்டாரத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பாரதம் படிப்பது உண்டு. பகலில் ஒருவர் வில்லிபாரதத்திலிருந்து பாட்டைப் படிப்பார். பிரசங்கியார் அதற்கு ஊர்த் தமிழில் பொருள் சொல்லுவார். இரவில் அதே கதை தெருக்கூத்தாக நடக்கும். கடைசி நாளில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவத்துடன் படுகளம். எழுத்துத் தெரியாதவர்கள் அபிமன்யுவின் முடிவைக் கேட்டுக் கண் கலங்குவார்கள். அர்ச்சுனன் தபசை அடுத்த வருஷமும் அதே ஆர்வத்தோடு பார்ப்பார்கள்.

வீடுகளிலும் இது நடந்தது. 'அல்லி அரசாணி மாலை', 'பவளக்கொடி மாலை', 'புலந்திரன் களவு' முதலிய கதைப்பாட்டுகள் 'பெரிய எழுத்து' புத்தகங்களாக மலிவு விலையில் சந்தைகளில் விற்றன. படிக்கத் தெரிந்த ஒருவர் விளக்கு வெளிச்சத்தில் ராகம் போட்டுப் படிப்பார். சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்பார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தப் புத்தகங்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் கேட்பவர்களே. பிடிக்காத கதையைப் படித்தால் கூட்டம் எழுந்து போய்விடும். பள்ளிக்கூடத்தில் அப்படி எழுந்து போக முடியாது. வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது.

திண்ணைப் பள்ளியும் மன்றோவின் கேள்வியும்

பழைய திண்ணைப் பள்ளியில் எல்லாமே சத்தம்தான். மணலில் விரலால் எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சட்டாம்பிள்ளை ஒரு வரி சொல்ல, மற்றப் பிள்ளைகள் திருப்பிச் சொல்லுவார்கள். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி, உலகநீதி, எண்சுவடி, நிகண்டு என்று வரிசை போகும். ஆத்திசூடி பாடிய ஔவையார், அதியமானின் தோழியான ஔவையாருக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவர் என்பது ஆராய்ச்சியாளர்கள் முடிவு. ஆனாலும் தகடூர்ப் பிள்ளைகள் வாயில் முதலில் ஏறிய நூலுக்கு ஔவையின் பெயர் அமைந்தது ஒரு நல்ல பொருத்தம்.

இந்தப் பள்ளிகளில் என்ன புத்தகம் படிக்கிறார்கள் என்று அரசாங்கம் முதன்முதலில் விரிவாகக் கேட்டது 1822-இல். கேட்டவர் அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ. இவருக்கும் தருமபுரிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1792-இல் மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து பாராமகால் பகுதி கும்பினியார் கைக்கு வந்தது. அதை நிர்வகித்த கேப்டன் ரீடின் உதவியாளராக மன்றோ 1799 வரை இந்தப் பகுதியில் வேலை பார்த்தார். அதில் பல ஆண்டுகள் தருமபுரியிலேயே வசித்தார். கிராமம் கிராமமாகப் போய் நிலத்தை அளந்தவர் அவர். ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் கணக்கெடுக்க வேண்டும் என்ற பழக்கம் அவருக்கு இங்கே படிந்ததில் ஆச்சரியம் இல்லை.

எத்தனை பள்ளிகள், எத்தனை மாணவர்கள், எந்தெந்தச் சாதியினர், என்னென்ன புத்தகங்கள் என்று ஒவ்வொரு கலெக்டரும் எழுதி அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு. தருமபுரி அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. சேலத்திலிருந்து 1823-இல் போன கணக்கின்படி, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள்தொகையில் கல்வி கற்றுக்கொண்டிருந்தவர்கள் ஐயாயிரத்துக்கும் குறைவு. பெண் குழந்தைகள் மிகச் சிலரே. திண்ணைகளின் வாசல் தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட சாதிகளுக்குப் பெரும்பாலும் திறக்கவே இல்லை.

அதே ஆண்டில் பெல்லாரி கலெக்டர் காம்பெல் அனுப்பிய பதில் இன்றைக்கும் படிக்கத் தகுந்தது. பிள்ளைகள் செய்யுள் நூல்களை மனப்பாடம் செய்கிறார்கள், ஆனால் செய்யுள் மொழி வேறு, பேச்சு மொழி வேறு, ஆகவே பொருள் மாணவருக்கும் புரிவதில்லை, பல நேரம் ஆசிரியருக்கும் புரிவதில்லை என்று அவர் எழுதினார். அவர் சொன்னது தெலுங்கு, கன்னடப் பள்ளிகளைப் பற்றி. தமிழ்த் திண்ணைக்கும் இது பெருமளவு பொருந்தும். அதே சமயம் மூத்த பிள்ளை இளையவருக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும், செலவு குறைவையும் அவர் பாராட்டினார்.

கோயிலில் பிரசங்கியார் செய்த வேலையைத் திண்ணை வாத்தியார் செய்யவில்லை என்பதுதான் இதன் சாரம். பாட்டு இருந்தது. அதை ஊர்த் தமிழில் விளக்கும் குரல் இல்லை.

அச்சுப் புத்தகமும் இன்ஸ்பெக்டரும்

அடுத்த மாற்றம் உரைநடையால் வந்தது. சென்னைக் கல்விச் சங்கத்தில் தமிழ்ப் புலவராக இருந்த தாண்டவராய முதலியார், பஞ்சதந்திரக் கதைகளை மராத்தியிலிருந்து தமிழ் உரைநடையாக்கி 1826-இல் வெளியிட்டார். தமிழ்ப் பாடப் புத்தகங்களுக்கு நெடுங்காலம் கதைகள் கொடுத்தது இந்தப் பஞ்சதந்திரம்தான். நரியும் காக்கையும் ஆமையும் பேசும் கதைகள் வாசித்துக் காட்டுவதற்கு ஏற்றவை. நல்ல தொடக்கம்.

ஆனால் 1860-களில் மானியம் என்று ஒன்று வந்தது. மாணவர்கள் தேர்வில் எப்படிச் செய்கிறார்கள் என்பதைப் பார்த்துப் பள்ளிக்குப் பணம் கொடுக்கும் முறை. இன்ஸ்பெக்டர் வருவார். குறித்த புத்தகத்தில் குறித்த பக்கத்தைப் பையன் எழுந்து தடங்கல் இல்லாமல் படிக்க வேண்டும். தடுக்கினால் பள்ளிக்கு வரும்படி குறையும். இதனால் நடந்தது என்ன? அதுவரை ஒருவர் படிக்கப் பலர் கேட்பதாக இருந்த 'உரக்க வாசித்தல்', ஒருவன் படிக்க மற்றவர்கள் அவன் எங்கே தவறுவான் என்று பார்ப்பதாக மாறியது. "எழுந்து நின்று வாசி" என்ற சொல் கேட்டாலே வயிறு கலங்கும் பழக்கத்துக்கு வேர் இங்கே இருக்கிறது. வாசிக்க வேண்டிய புத்தகம் ஒன்றுதான், அதுவும் பாடப் புத்தகம்தான் என்ற எண்ணமும் அப்போதுதான் உறுதிப்பட்டது.

வாசித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள்

ஏறக்குறைய அதே காலத்தில் வேறு ஒரு நாட்டில் வேறு ஒரு சோதனை நடந்தது. இன்றைய உக்ரைனில் உள்ள கார்கிவ் நகரில் கிறிஸ்தினா அல்செவ்ஸ்கா என்ற ஆசிரியை பெண்களுக்காக ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி நடத்தினார். தொழிலாளிப் பெண்களும் வீட்டு வேலை செய்பவர்களும் அங்கே வந்தார்கள். எளிய மக்களுக்கு எளிய நீதிக்கதை போதும் என்று படித்தவர்கள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அல்செவ்ஸ்காவும் அவருடன் வேலை செய்த ஆசிரியைகளும் ஒரு காரியம் செய்தார்கள். ஒவ்வொரு புத்தகத்தையும் பள்ளியிலும் கிராமத்திலும் வாசித்துக் காட்டினார்கள். கேட்டவர்கள் எங்கே சிரித்தார்கள், எங்கே கேள்வி கேட்டார்கள், எங்கே கொட்டாவி விட்டார்கள் என்று எழுதி வைத்தார்கள். அந்தக் குறிப்புகள் 1884-இல் 'மக்கள் எதைப் படிப்பது?' என்ற பொருள்படும் தலைப்பில் நூலாக வந்தன. பின்னர் மேலும் இரண்டு தொகுதிகள் வந்தன. டால்ஸ்டாய், துர்கனேவ் போன்றவர்களின் எழுத்தை எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்தார் உணர்ச்சியோடு கேட்டுப் புரிந்துகொண்டார்கள் என்பது அதில் தெரிந்த உண்மை.

இந்தியாவில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கவர் குஜராத்தின் பாவ்நகரில் பணியாற்றிய கிஜுபாய் பதேகா. 1932-இல் வந்த அவருடைய 'திவாஸ்வப்னா' தமிழில் 'பகல் கனவு' என்ற பெயரில் ஆசிரியர்களிடையே நன்கு அறிமுகமானது. அதில் லட்சுமிராம் என்ற ஆசிரியர் நான்காம் வகுப்புக்குப் போகிறார். முதல் நாள் திட்டமெல்லாம் பாழ். பிள்ளைகள் கத்திக் கூச்சலிடுகிறார்கள். மறுநாள் ஒரு கதை சொல்ல ஆரம்பிக்கிறார். வகுப்பு அடங்குகிறது. கதை நாள்கணக்கில் நீள்கிறது. பிறகு பாடநூலுக்கு ஆகும் காசில் கதைப் புத்தகங்கள் வாங்கி வகுப்பிலேயே நூலகம் வைக்கிறார். கேட்ட கதை புத்தகத்துக்குள் இருக்கிறது என்று தெரிந்ததும் பிள்ளைகள் தாமாகப் புத்தகத்தை எடுக்கிறார்கள். நாவல் வடிவில் எழுதப்பட்டிருந்தாலும் இது ஓர் ஆசிரியரின் அனுபவத்திலிருந்து பிறந்த நூல்.

பீரோவுக்குள் போன புத்தகங்கள்

சுதந்திரத்துக்குப் பிறகு தமிழில் குழந்தைகளுக்கான எழுத்து பெருகியது. 1947-இல் 'அம்புலிமாமா' தொடங்கியது. 1950-இல் அழ. வள்ளியப்பா முன்னின்று குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவானது. 1957-இல் தேசியப் புத்தக நிறுவனம் வந்தது. ஆனால் இவையெல்லாம் நகரத்தைத் தாண்டிப் பாலக்கோட்டுக்கோ பென்னாகரத்துக்கோ போய்ச் சேர நெடுநாள் ஆயிற்று. தருமபுரியே சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2-இல்தான்.

1987-இல் மத்திய அரசு கரும்பலகைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், கற்பிக்கும் கருவிகள், கூடவே நூலகப் புத்தகங்கள். புத்தகம் வந்தது. ஆனால் அது இருப்புப் பதிவேட்டிலும் ஏறியது. காணாமல் போனால் பொறுப்பு தலைமை ஆசிரியருடையது. கிழிந்தால் பதில் சொல்ல வேண்டும். ஆகவே பல பள்ளிகளில் புத்தகங்கள் பீரோவுக்குள் பத்திரமாகத் தூங்கின. யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. சம்பளத்தில் பிடிப்பார்களோ என்று பயப்படுபவர் புத்தகத்தைப் பிள்ளைகள் கையில் எப்படிக் கொடுப்பார்?

1994-இல் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் வந்தபோது, தமிழ்நாட்டில் முதல் கட்டமாக எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் தருமபுரியும் ஒன்று. பெண்களின் எழுத்தறிவு தேசிய சராசரிக்கும் கீழே இருந்த மாவட்டங்களைத் தேடி எடுத்த திட்டம் அது. வட்டார வள மையங்கள் அமைந்தன, ஆசிரியர் பயிற்சிகள் நடந்தன.

அதே பத்தாண்டில் தமிழ்நாட்டு மாவட்டங்களில் அறிவொளி இயக்கம் நடந்தது. இரவு நேரத்தில் தெருவிளக்கின் கீழ் பெரியவர்கள் எழுத்துப் படித்தார்கள். அவர்களுக்காகப் பெரிய எழுத்தில் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் அச்சாயின. தொண்டர்கள் அவற்றை வாசித்துக் காட்டினார்கள். பழைய 'பெரிய எழுத்து' புத்தகம் வேறு உருவில் திரும்பி வந்தது போலத்தான் இது. அறிவொளியில் பழகிய ஆசிரியர்கள் பலர் அந்தப் பழக்கத்தைப் பகல் நேர வகுப்பறைக்கும் கொண்டுபோனார்கள்.

2007-08-இல் செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுவதும் வந்தது. அதையொட்டி 'புத்தகப் பூங்கொத்து' என்ற பெயரில் கதைப் புத்தகங்கள் பள்ளிகளுக்குப் போயின. கயிற்றில் துணி காயப்போடுவது போலப் புத்தகத்தைத் தொங்கவிட்டால் எந்தப் பிள்ளையும் எட்டி எடுக்கலாம். பீரோவின் பூட்டைத் திறந்தது ஒரு முழம் கயிறு என்று சொன்னால் மிகையாகாது.

தருமபுரியின் காதுக்கு எது பொருந்தும்?

புத்தகம் கைக்கு வந்த பிறகு, எதை எடுப்பது என்ற கேள்வி உண்மையிலேயே தொடங்குகிறது.

முதலாவது மொழி. தருமபுரி மாவட்டத்தில் எல்லார் வீட்டிலும் பேச்சு ஒரே மாதிரி இல்லை. தெலுங்கு, கன்னடம், உருது பேசும் வீடுகள் உண்டு. சித்தேரி, வத்தல்மலை, சிட்டிலிங்கி பக்கம் மலையாளிப் பழங்குடி மக்களின் தமிழுக்குத் தனி ஓசை உண்டு. சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடி பேசும் குடும்பங்களும் வாழ்கின்றன. இந்தப் பிள்ளைகளுக்குப் புத்தகத் தமிழ் பாதி அந்நிய மொழி. ஒன்றாம் வகுப்பில் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வரும் கதையோ, ஓசை உள்ள பாட்டோ எடுபடுவதற்குக் காரணம் இதுவே. மூன்றாவது முறை அந்த வாக்கியம் வரும்போது வகுப்பே சேர்ந்து சொல்லிவிடும்.

இரண்டாவது, கதையில் வரும் உலகம். யானைக் கதை என்றால் எல்லாக் குழந்தைகளுக்கும் பிடிக்கும் என்று நகரத்தில் நினைப்பார்கள். பென்னாகரம், பாலக்கோடு பக்கம் காட்டோரத்தில் கேழ்வரகுக் கொல்லையில் இராக்காவல் போகும் அப்பாவின் மகளுக்கு யானை என்றால் வேறு அர்த்தம். அதற்காக யானைக் கதையை விலக்க வேண்டியதில்லை. அந்தக் கதையை வாசித்தால் வகுப்பில் அவளுக்குச் சொல்ல நிறைய இருக்கும் என்று ஆசிரியருக்குத் தெரிந்திருந்தால் போதும். அதேபோல் அம்மா அப்பா பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய், பாட்டியோடு இருக்கும் பிள்ளைகள் இங்கே பலர். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளை, ஒரு நாய்க்குட்டி என்று வரும் புத்தகம் மட்டுமே வாசித்தால், தன் வீடு புத்தகத்தில் இடம்பெறும் தகுதி இல்லாதது என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

மூன்றாவது, பெண் குழந்தைகள். பெண் சிசுக்கொலைக்காக நாடு முழுக்கப் பேசப்பட்ட வட்டாரம் இது. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தருமபுரிக்கும் விரிவாக்கப்பட்டது. இந்தப் பின்னணியில், சாகசம் செய்பவன் எப்போதும் பையன், தண்ணீர் எடுத்து வருபவள் எப்போதும் பெண் என்று இருக்கும் கதைகளை மட்டும் வாசிப்பது எப்படிச் சரியாகும்? ஆறு முதல் எட்டு வரை படிக்கும் வயதில்தான் பெண் பிள்ளைகளின் படிப்பு நிற்குமா தொடருமா என்பது பல வீடுகளில் முடிவாகிறது. கேள்வி கேட்டதற்காக அடி வாங்கும் மாணவியைப் பற்றி 1990-களில் இரா. நடராசன் எழுதிய 'ஆயிஷா' தமிழ்நாட்டு ஆசிரியர்கள் நடுவில் அவ்வளவு தூரம் பரவியதற்குக் காரணம் உண்டு. அது மாணவர்களோடு சேர்த்து ஆசிரியரையும் தொட்ட கதை.

நடுநிலை வகுப்புக்கு வந்ததும் வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடுவது பொதுவான பழக்கம். "பெரிய பிள்ளைகள்தானே, தானே படிக்கட்டும்" என்பார்கள். அமெரிக்காவில் ஜிம் ட்ரெலீஸ் என்ற பத்திரிகையாளர் 1979-இல் சொந்தச் செலவில் ஒரு கையேடு அச்சிட்டார். 1982-இல் பெங்குயின் அதை வெளியிட்ட பிறகு மிகப் பரவலாக விற்றது. கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் படித்துப் புரிந்துகொள்ளும் திறனைவிட முன்னே ஓடும், எட்டாம் வகுப்பு வாக்கில்தான் இரண்டும் சமமாகும், ஆகவே அதுவரை வாசித்துக் காட்டுங்கள் என்பது அதன் முக்கியமான வாதம். தானே படிக்கத் திணறும் ஏழாம் வகுப்புப் பிள்ளை, கேட்கும்போது ஒரு நல்ல நாவலையே பின்தொடரும். பதினெட்டு நாள் பாரதம் கேட்ட ஊருக்கு இது புதுச் செய்தி அல்ல.

பட்டியல் சென்னையில், காது கிராமத்தில்

கொரோனாவுக்குப் பிறகு 2021-இல் தமிழ்நாடு அரசு 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியது. தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலையில் வீட்டுத் திண்ணையிலும் கோயில் வாசலிலும் பிள்ளைகளைச் சேர்த்துப் பாட்டும் கதையும் சொன்னார்கள். 2022-இல் நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு 'ஊஞ்சல்', ஆறு முதல் ஒன்பது வரை 'தேன்சிட்டு' என்று இதழ்கள் வந்தன. 2023-இல் 'வாசிப்பு இயக்கம்' சின்னச் சின்னப் புத்தகங்களை 'நுழை', 'நட', 'ஓடு', 'பற' என நான்கு படிகளாகப் பிரித்துக் கொடுத்தது. வயதைப் பார்க்காமல் வாசிக்கும் திறனைப் பார்த்துப் பிரித்தது நல்ல யோசனை. தகடூர் புத்தகப் பேரவையின் முயற்சியால் தருமபுரியில் புத்தகத் திருவிழாவும் நடக்கிறது.

இவ்வளவு வந்த பிறகும் பழைய கேள்வி அப்படியே நிற்கிறது. திண்ணைக் காலத்தில் மரபு பட்டியல் போட்டது. மானியக் காலத்தில் இன்ஸ்பெக்டர் போட்டார். இப்போது கல்வித் துறை போடுகிறது. பட்டியல் தேவைதான், அது இல்லாவிட்டால் மலைப் பள்ளிக்குப் புத்தகமே போகாது. ஆனால் பட்டியலிலிருந்து அன்றைக்கு எந்தப் புத்தகத்தை எடுப்பது என்பதை எந்த அலுவலகமும் முடிவு செய்ய முடியாது. அதைக் கார்கிவ் ஆசிரியைகள் செய்ததுபோல வாசித்துப் பார்த்து, பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இதற்குச் செலவு ஒரு நாற்பது பக்க நோட்டு. எந்தப் புத்தகம், எந்த வகுப்பு, எங்கே சிரித்தார்கள், எங்கே "அப்புறம்?" என்றார்கள். மாவட்டம் முழுக்க இப்படி எழுதிய குறிப்புகள் ஒன்று சேர்ந்தால், அடுத்த முறை சென்னையில் பட்டியல் போடுபவர்களுக்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடைக்காது.

1822-இல் மன்றோ, பள்ளிகளில் என்ன புத்தகம் படிக்கிறார்கள் என்று கேட்டார். அவற்றில் பிள்ளைகளுக்கு எது பிடித்தது என்று அவர் கேட்கவில்லை. அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கத் தருமபுரியைவிடப் பொருத்தமான இடம் வேறு எது?